நீலகிரி ஓடைக்கரையில் உண்ணிச்செடி அகற்ற அரசு நிதி: புதிதாகத் தொடங்குவோருக்கு

ஓடைக்கரையில் மண்டிக் கிடக்கும் அந்நியக் களையான உண்ணிச்செடியை (லாண்டானா) ஒருமுறை வெட்டப் பணம் கிடைத்துவிடும். வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்கு முளைக்கும் கன்றுகளைப் பிடுங்கவும், அதற்கடுத்த வருடம் மறுபடி பிடுங்கவும் பணம் வாங்குவதுதான் கஷ்டம். அரசு நிதி பெரும்பாலும் ஏப்ரல் முதல் மார்ச் வரை என்ற ஒற்றை ஆண்டுக் கணக்கில் ஓடுகிறது. மண்ணுக்குள் கிடக்கும் விதை அந்தக் கணக்கில் அடங்காது. இரண்டாம் வருடம் கைவிடப்பட்ட கரையில் உண்ணிச்செடி பழையபடி புதராகும். வெட்டியதால் வெளிச்சமும் கிடைத்துவிடுவதால் சில இடங்களில் முன்பைவிட அடர்த்தியாகவே வளரும்.

அதனால் விண்ணப்பம் எழுதும் முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள். மூன்று வருடம் பராமரிக்க ஆளும் பணமும் எவ்வளவு நீளத்துக்கு இருக்கிறதோ, அவ்வளவு நீளம்தான் உங்கள் திட்டம். இரண்டு கிலோமீட்டரை ஒருமுறை வெட்டிவிட்டு விடுவதைவிட, முந்நூறு மீட்டரை மூன்று வருடம் பார்ப்பது ஓடைக்கு நல்லது. கீழேயுள்ள எல்லாமே இந்த முடிவை வைத்துத்தான்.

முதலில் கரை யாருடையது என்று பாருங்கள்

நீலகிரியில் ஒரே ஓடை ஒரு கிலோமீட்டருக்குள் நான்கைந்து பேர் நிலத்தைத் தொட்டு ஓடும். மேலே காப்புக்காடு, அடுத்து தேயிலைத் தோட்டம், பிறகு ஓடைப் புறம்போக்கு, கீழே மின்வாரிய நிலமோ பேரூராட்சி எல்லையோ வரலாம். எந்தத் துண்டு யாருடையது என்பதைப் பொறுத்தே எந்தப் பணம், யார் அனுமதி என்பது அமையும். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு அங்கேயே தூங்கும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் புல எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். புலப்படமும், நிலத்தின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேட்டு விவரமும் அரசின் இணைய சேவையிலேயே எடுக்கலாம். ஒவ்வொரு புல எண்ணுக்கும் வகைப்பாட்டை எழுதி, ஓடையின் படத்தில் வண்ணம் தீட்டுங்கள். இந்த ஒரு படம் பின்னால் எல்லாக் கோப்பிலும் பயன்படும்.

ஓடைப் புறம்போக்கு என்றால் வட்டாட்சியரும் ஊராட்சி ஒன்றியமும், பெரிய ஆறென்றால் நீர்வளத் துறையும் சம்பந்தப்படுவார்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு கிளையைக்கூட வெட்ட முடியாது. அங்கே பணமும் வனத்துறை வழியாகத்தான் வரும். உங்கள் பங்கு கிராம வனக் குழு வழியாகவோ வனச்சரகருக்குத் தரும் முன்மொழிவு வழியாகவோ இருக்கலாம். வன உரிமைச் சட்டம், 2006-இன்படி சமூக வன வள உரிமை பெற்ற ஊர்களில் கிராமசபைக்கே அந்தக் காட்டைப் பாதுகாக்கவும் மீட்கவும் உரிமை உண்டு. பழங்குடி ஊர்களை ஒட்டிய ஓடைகளில் கிராமசபையைத் தாண்டி வனத்துறையிடம் மட்டும் பேசுவது தப்பு.

கூடலூர், பந்தலூர் பக்கம் கூடுதல் கவனம் தேவை. பழைய ஜென்மி நிலவுடைமையை ஒழித்த 1969-ஆம் ஆண்டு ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17 நிலம் என்றால் உரிமை வழக்கு நிலுவையில் இருக்கும். அப்படிப்பட்ட துண்டைத் திட்டத்திலிருந்து விட்டுவிடுங்கள். ஒரு புல எண்ணின் தகராறு முழுக் கோப்பையும் நிறுத்திவிடும்.

தனியார் தோட்டத்துக்குள் ஓடும் பகுதிக்கு உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் வாங்குங்கள். வேலை செய்ய மட்டுமல்லாமல், மூன்று வருடம் பராமரிக்க உள்ளே வரவும் சம்மதம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். தோட்டம் கைமாறினால் இந்த வரிதான் காப்பாற்றும்.

எந்தச் செடி என்பதைப் பொறுத்து வேலை மாறும்

உண்ணிச்செடியைத் தரைமட்டத்தில் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பத்துத் தளிர் வரும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவின் குழு கார்பெட் காடுகளில் செய்து காட்டிய முறையே இங்கும் சரி. மண்ணைக் கொஞ்சம் விலக்கி, தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே, மண்மட்டத்திலிருந்து சுமார் 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்ட வேண்டும். பிறகு புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். மண் அதிகம் கிளறப்படாததால் கரைக்கு இது பாதுகாப்பானது. பொக்லைன் வைத்துப் பிடுங்கினால் வேகமாக முடியும், ஆனால் கிளறிய மண் முழுவதும் முதல் மழைக்கே ஓடையில் இறங்கும். போதாததற்கு நீலகிரியில் பொக்லைன், ஜேசிபி இயக்க மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும்.

உயர்ந்த பகுதிகளில் பிரச்சினை சீகை மரம் (வாட்டில்). அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். நெருப்புப் பட்டால் கூட்டமாக முளைக்கும். ஆகவே வெட்டிய கழிவை அங்கேயே கொளுத்தக் கூடாது. கரையில் நிற்கும் பெரிய சீகையை வேரோடு சாய்க்காமல் அடியில் அறுத்துவிட்டு, வேர் மண்ணைப் பிடித்திருக்க விடுங்கள். மரம் வெட்டுவதென்றால் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955 பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அந்நிய மரம்தானே என்று அனுமதியில்லாமல் வெட்டினாலும் வழக்குத்தான்.

முதுமலை, மசினகுடி பக்கம் மஞ்சள் கொன்றை. வெட்டினால் துளிர்த்துக்கொண்டே இருக்கும். சிறு கன்றுகளை ஈரமண்ணில் வேரோடு பிடுங்குவதுதான் மலிவான வழி. கூலியாட்களுக்கு முதல் நாளே நம் சரக்கொன்றையின் இலையைக் காட்டிவிடுங்கள், இரண்டையும் குழப்பி நாட்டு மரத்தை வெட்டிவிடுவது நடக்கிறது. ஊட்டி, குன்னூர் ஓடைகளில் வெள்ளைப் பூப்பூக்கும் கால்லா லில்லியைக் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். துண்டு ஓடையில் விழுந்தால் கீழே போய் வேர்விடும். யூபடோரியம், செஸ்ட்ரம் என்ற அந்நியச் செடிகள் இரண்டையும் பூக்கும் முன் எடுத்தால் பாதி வேலை மிச்சம்.

களைக்கொல்லியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இந்த ஓடைகள்தான் கீழேயுள்ள ஊர்களின் குடிநீர்.

பத்துக்குப் பத்து மீட்டரில் கணக்குப் போடுங்கள்

ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு ஆள் பிடிக்கும் என்று கேட்டால் யாராலும் பொதுவாகச் சொல்ல முடியாது. புதரின் அடர்த்தி, சரிவு, செடியின் வயது எல்லாம் மாறும். ஆகவே உங்கள் கரையிலேயே அடர்ந்த இடத்தில் ஒன்றும் நடுத்தரமான இடத்தில் ஒன்றுமாகப் பத்துக்குப் பத்து மீட்டர் துண்டு இரண்டைக் கயிறு கட்டி, அனுமதியோடு வெட்டிப் பாருங்கள். எத்தனை பேர் எத்தனை மணிநேரம் என்று எழுதுங்கள். அப்படி நூறு துண்டு சேர்ந்தால் ஒரு ஹெக்டேர்.

ஒரு மாதிரிக் கணக்கு. ஓடை நீளம் 500 மீட்டர், இரு கரையிலும் பத்துப் பத்து மீட்டர் அகலம். மொத்தம் 10,000 சதுர மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர். சோதனைத் துண்டுக்கு இரண்டு பேர் ஒரு நாள் பிடித்தால், முதல் வெட்டுக்கு 200 ஆள்நாள். முதல் வருடம் இரண்டு முறை களையெடுப்பு, முறைக்கு 50. இரண்டாம் வருடம் இரண்டு முறை, முறைக்கு 30. மூன்றாம் வருடம் இரண்டு முறை, முறைக்கு 20. கூட்டினால் பராமரிப்புக்கும் 200. நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்தால் வெட்டுக்கு 1,20,000, பராமரிப்புக்கு 1,20,000. பாதிக்குப் பாதி.

புதியவர்கள் போடும் மதிப்பீட்டில் பராமரிப்புக்குப் பத்து சதவீதம் இருந்தாலே அதிகம். ஒப்புதல் தரும் அதிகாரி தொகையைக் குறைக்கச் சொன்னால் முதலில் கைவைப்பதும் அதில்தான். அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள். தொகை குறைந்தால் நீளத்தைக் குறையுங்கள், களையெடுப்புச் சுற்றுகளைக் குறைக்காதீர்கள்.

கூலி விகிதம் நீங்களாக எழுதுவதல்ல. அந்தந்த ஆண்டுக்கு மாவட்டத்தில் நடைமுறையில் உள்ள அரசு விகிதத்தை எடுத்து, எந்த ஆணை என்று குறிப்பிடுங்கள். சந்தைக் கூலி அதைவிட அதிகம் என்றால், வித்தியாசத்தை எந்தப் பணத்தில் கொடுக்கப் போகிறீர்கள் என்பதும் கோப்பில் இருக்கட்டும். தேயிலை பறிப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களில் அரசு விகிதத்துக்கு ஆள் கிடைக்காமல் நின்றுபோகும் வேலைகள் உண்டு.

மற்ற செலவு சின்னது. பத்துப் பேர் குழுவுக்கு மண்வெட்டி நான்கு, பிக்காசு நான்கு, கொடுவாள் ஐந்து, கடப்பாரை இரண்டு, ஆளுக்கொரு ஜோடி தோல் கையுறை, அட்டைக் கடிக்கு நீளக் காலுறை, முதலுதவிப் பெட்டி. கூலியாட்களை வங்கி வழியாக பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் காப்பீடு. உண்ணிப் புதருக்குள் காட்டுமாடும் கரடியும் படுத்திருக்கும் ஊரில் இது ஒரு வரிச் செலவாகக்கூட இல்லாமல் மதிப்பீடு போகக் கூடாது.

பணம் எங்கெங்கே இருக்கிறது

தமிழ்நாடு அரசு 2022-இல் அந்நிய ஊடுருவல் தாவரங்கள் மற்றும் சூழல் மீட்புக் கொள்கையை வெளியிட்டது. வெட்டுவதோடு நிற்காமல் அந்த இடத்தை மீட்டெடுப்பதும் அதன் பேச்சு. உங்கள் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் இந்தக் கொள்கையைக் குறிப்பிடுங்கள், பராமரிப்புத் தொகையைக் கேட்க அதுவே உங்கள் ஆதாரம்.

வன நிலத்துக்கு ஈடுசெய் காடுவளர்ப்பு நிதி இருக்கிறது. வன நிலத்தை வேறு பயனுக்கு எடுப்பவர்கள் கட்டி, 2016 சட்டத்தின்கீழ் மாநில ஆணையத்திடம் உள்ள பணம் அது. தனி அமைப்புகள் நேரடியாகக் கேட்க முடியாது. வனக்கோட்டத்தின் ஆண்டுச் செயல்திட்டத்தில் உங்கள் ஓடை சேர வேண்டும். புலப்படமும் சோதனைத் துண்டுக் கணக்கும் கையில் இருந்தால் வனச்சரகர் தன் பட்டியலில் சேர்ப்பது எளிது.

ஊராட்சிப் பகுதியில், மக்கள் நூறு நாள் வேலை என்று சொல்லும் ஊரக வேலைத் திட்டம். களை வெட்டுதல் என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். நீர்வழி சீரமைப்பு, மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு, கரையில் மரக்கன்று நடுதல் போன்ற அனுமதிக்கப்பட்ட தலைப்பில் மதிப்பீடு போட வேண்டும். கன்று நடும் பணியில் அடுத்த ஆண்டுகளின் பராமரிப்பையும் சேர்க்க இடமுண்டு என்பதே இதன் பெரிய பலன். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டம் கொண்டுவந்தது. ஆகவே எந்த விதி, எந்தப் பணிப் பட்டியல் இப்போது செல்லும் என்பதை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

நீலகிரியில் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மாவட்டத்தில் ஊராட்சிகள் 35 மட்டுமே. மக்களில் பாதிக்கு மேல் பேரூராட்சிகளிலும் நகராட்சிகளிலும் இருக்கிறார்கள். அங்கே இந்த ஊரக வேலைத் திட்டமும் இல்லை, கிராமசபையும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் மன்றத் தீர்மானத்தோடு நமக்கு நாமே திட்டத்தைப் பாருங்கள். பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும், மீதி அரசு. மூன்று லட்சம் ரூபாய் வேலை என்றால் ஒரு லட்சம் உங்களுடையது.

மாவட்டத்துக்கே உரிய இன்னொரு கதவு, ஊட்டியில் அலுவலகம் உள்ள மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம். மண் பாதுகாப்பு, ஓடைத் தடுப்பணை வேலைகளோடு சேர்த்துக் கேட்டால் பொருந்தும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவில் கன்றுகளுக்கு உதவி கேட்கலாம். எம்.பி., எம்.எல்.ஏ. தொகுதி நிதி நிலையான சொத்து உருவாக்கத்துக்கானது. களையெடுப்புக்காக அங்கே அலைய வேண்டாம்.

மூன்று வருடப் பராமரிப்புக்கு? நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிதான் சரியான இடம். நிறுவனச் சட்டம், 2013-இன் பிரிவு 135-இன்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும், சுற்றுச்சூழல் அதற்கான பட்டியலில் இருக்கிறது. தொடர் திட்டம் என்று அறிவித்தால், தொடங்கிய நிதியாண்டு தவிர மேலும் மூன்று ஆண்டு வரை அதை நடத்த விதி இடம் தருகிறது. பராமரிப்புச் சுற்றுகளின் காலமும் அதுவே. எனவே முதல் வெட்டை அரசுப் பணத்திலும் பராமரிப்பைத் தொடர் திட்டமாக நிறுவனப் பணத்திலும் வைத்து, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். இதற்கு உங்கள் அமைப்புக்கு சமூகப் பொறுப்பு நிதி பெறுவதற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவும், வருமான வரித் துறையில் அறக்கட்டளைப் பதிவும் நன்கொடை வரிச்சலுகைப் பதிவும் (12ஏ, 80ஜி என்று அறியப்படுபவை) வேண்டும். மத்திய அரசு மானியம் கேட்பதானால், தொண்டு அமைப்புகளுக்கான மத்திய அரசின் தர்பண் இணையதளப் பதிவு எண்ணும். பதிவுகள் முடிய மாதங்கள் பிடிக்கும், ஓடையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இவற்றைத் தொடங்கிவிடுங்கள்.

மழைக்கு ஏற்ற காலம், நிதியாண்டுக்கு ஏற்ற காலம்

கூடலூர், பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை. ஜனவரி முதல் மார்ச் வரை வெட்டி, காயவிட்டு, ஜூன் முதல் மழையில் நடலாம். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு மழைதான் பெரிது. ஆகஸ்ட், செப்டம்பரில் வெட்டி அக்டோபர் தொடக்கத்தில் நட்டுவிட வேண்டும். நவம்பர் வரை கரையை வெறுமையாக விடக் கூடாது. 2009 நவம்பர் மழையில் இந்தச் சரிவுகள் எப்படிச் சரிந்தன என்பது ஊரறிந்தது.

பணம் வருவதோ பெரும்பாலும் ஜனவரிக்குப் பிறகு, மார்ச் 31-க்குள் செலவிடு என்ற நெருக்கடியோடு. மேற்குச் சரிவில் இது தற்செயலாகப் பொருந்திவிடும். கிழக்குச் சரிவில் மார்ச்சில் வெட்டினால் அக்டோபர் வரை ஆறு மாதம் களை வளரும், நடுவில் ஒரு சுற்றுக் களையெடுப்பைக் கூடுதலாக மதிப்பீட்டில் வையுங்கள்.

தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த நிதியாண்டுத் திட்டத்தில் சேர வேண்டுமானால் அக்டோபர் 2 அல்லது நவம்பர் 1 கூட்டத்தில் தீர்மானம் வேண்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம்தான், ஓடையைப் பற்றிப் பேசப் பொருத்தமான நாள்தான், ஆனால் அந்த ஆண்டுத் திட்டத்துக்குத் தாமதம். தீர்மானத்தில் ஓடையின் பெயர், புல எண்கள், நீளம், மூன்றாண்டுப் பராமரிப்பு நான்கும் எழுத்தில் இருக்கட்டும். 'ஓடையைச் சுத்தம் செய்ய முடிவு செய்யப்பட்டது' என்ற ஒற்றை வரியை வைத்து எந்த மதிப்பீடும் எழாது.

வேலை நடக்கும்போது

ஐந்நூறு மீட்டரையும் ஒரேயடியாக மொட்டை அடிக்க வேண்டாம். இருபத்தைந்து மீட்டர் வெட்டி, இருபத்தைந்து மீட்டர் விட்டு, எதிர்க்கரையில் மாற்றி வெட்டுங்கள். விட்ட துண்டுகளை நட்டது வேர்பிடித்த பிறகு எடுக்கலாம். தண்ணீர் ஓரத்து ஒரு மீட்டரில் உள்ள கோரையையும் நாட்டுப் புதரையும் தொடாதீர்கள்.

வெட்டிய உண்ணியை வெள்ளம் தொடாத உயரத்தில் குவியுங்கள். மாடு வரும் இடத்தில் போடக் கூடாது, உண்ணியிலை மாட்டின் கல்லீரலைக் கெடுக்கும். தண்டை நாற்காலி, யானைச் சிற்பம் செய்யும் கைவினைஞர்கள் கூடலூர் பக்கம் இருக்கிறார்கள், மஞ்சள் கொன்றை தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்குப் போகிறது. காட்டிலிருந்து வெளியே கொண்டுபோக வன அனுமதி வேண்டும். இதில் வரும் வருமானத்தை நம்பி மதிப்பீட்டைக் குறைக்காதீர்கள், வண்டிக் கூலிக்கே போய்விடும்.

நடுவதில் உயரம் முக்கியம். கூடலூர் உயரத்தில் நீர்மருது, புங்கன், நாவல், வஞ்சி, மூங்கில். ஊட்டி உயரத்தில் சோலை நாவல் வகைகள், காட்டுச் செண்பகம் போன்றவை. சதுப்பும் புல்வெளியுமாக இருந்த இடமென்றால் மரமே வேண்டாம், புல்லும் கோரையும் திரும்பினால் போதும். சோலை நாற்று நடும் உயரத்துக்கு வர ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும், எனவே நாற்றங்காலுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பணம் வந்த வாரத்தில் நாற்றுத் தேடினால் கிடைப்பது சில்வர் ஓக்தான், அதை ஓடைக்கரையில் நடுவதில் அர்த்தமில்லை. கரையில் குழி 30 செ.மீ. போதும், பெரிய குழி மண்ணைத் தளர்த்தும். ஹெக்டேருக்கு 400 கன்று நட்டால், பட்டுப்போவதற்கு ஈடாக 80 கன்று தனியாக வையுங்கள். பள்ளமான ஓடைக்கரையில்தான் டிசம்பர், ஜனவரி உறைபனி தேங்கும், காய்ந்த புல்லால் கன்றை மூடுங்கள். நாற்றுப் பைகளை எண்ணித் திரும்ப எடுங்கள். பிளாஸ்டிக் தடை உள்ள மாவட்டத்தில் ஓடையில் ஒரு பை மிதந்தாலும் புகார் வரும்.

கணக்கு

வேலை நன்றாக நடந்தும் இரண்டாம் தவணை வராமல் போவது பெரும்பாலும் காகிதத்தால். வெட்டும் முன் ஐம்பது மீட்டருக்கு ஒரு குறிக்கல் நட்டு, ஒவ்வொன்றிலும் நின்று ஒரே திசையில், இருப்பிடக் குறிப்போடு படம் எடுங்கள். முன், பின், ஒவ்வொரு களையெடுப்புக்குப் பின் என்று அதே இடத்திலிருந்து எடுக்க வேண்டும். முன் படம் இல்லாவிட்டால் புதர் இருந்ததற்கே ஆதாரமில்லை. வெட்டிய அன்றே அளந்து அளவுப் புத்தகத்தில் பொறியாளரின் கையெழுத்து வாங்குங்கள். மூன்று மாதம் கழித்து வந்து பார்க்கும் பொறியாளருக்குத் தெரிவது புதிதாக முளைத்த களை மட்டுமே.

கூலி வங்கிக் கணக்கில்தான் போக வேண்டும். வருகைப் பதிவேட்டிலும் வங்கிப் பட்டியலிலும் பெயர் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை சரிபாருங்கள். ஒவ்வொரு நிதிக்கும் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு நிதியில் பில் போட்டதாகத் தணிக்கை எழுதினால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். முதல் வெட்டு ஒரு நிதி, பராமரிப்பு ஒரு நிதி என்று மேலே சொன்ன பிரிவினையை மதிப்பீட்டிலேயே தெளிவாக எழுதுவது இதற்காகவும்தான்.

மத்திய அரசு மானியமானால் பயன்பாட்டுச் சான்றிதழ், பொது நிதி விதிகள், 2017-இன் 12-ஏ படிவத்தில், நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள். மானியத்துக்கு வந்த வங்கி வட்டியும் அரசுக்கே திரும்ப வேண்டும், செலவழித்துவிடாதீர்கள். அடுத்த தவணை வேண்டுமென்றால் பன்னிரண்டு மாதம் காத்திருக்காமல் ஏப்ரல் மாதத்திலேயே சான்றிதழைக் கொடுங்கள். அது ஜூலைக்குத் தள்ளிப்போனால் மேற்குச் சரிவில் மழைக்கால முதல் களையெடுப்பு தவறும், பிடுங்கி எடுக்க வேண்டிய கன்றை அக்டோபரில் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.